எழுதியது நிலைத்ததா?

பால்மரம் வெட்டிய குடும்பங்களுக்கு ஒரு வேதனை நன்றாகத் தெரியும். விடியுமுன் எழுந்து, பெரட்டுக்குப் போய், நிரை நிரையாக மரம் வெட்டி முடித்திருப்போம். மங்கில் பால் சேரும் நேரத்தில் மழை வந்துவிடும். காலையெல்லாம் உழைத்தது தண்ணீரோடு போய்விடும். ஆனாலும் மழை சொல்லிக்கொண்டுதான் வரும். வானம் கறுக்கும், காற்று வீசும். சொல்லாமல் வருகிற இழப்பும் ஒன்று உண்டு. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

புக்கிட் பெலண்டோக் பக்கம் எங்கள் தம்பி குடும்பம் இருக்கிறது. தம்பி செம்பனைக் குலை வெட்டுகிறவர். அவர் மகள் இடைநிலைப்பள்ளியில் படிக்கிறாள்; நிரல் எழுதவும் கற்று வருகிறாள். முதலில் இதைச் செய், அடுத்து அதைச் செய் என்று கணினிக்கு வரிசையாக எழுதித் தரும் கட்டளைகளுக்குத்தான் நிரல் என்று பெயர். அப்பா வெட்டும் குலைகளை நாள்தோறும் பதிந்தால், மாதக் கடைசியில் கூலி எவ்வளவு என்று கூட்டிச் சொல்லும் நிரல் ஒன்றை அவள் மூன்று இரவுகள் உட்கார்ந்து எழுதினாள். இணையப் பக்கம் ஒன்றைத் திறந்து, அதற்குள்ளேயே எழுதினாள். பக்கத்தை மூடாமலே வைத்திருந்தாள். நான்காம் நாள் கணினி நின்று மறுபடி ஓடியது. பக்கத்தைத் திறந்தால், முதல் இரவில் எழுதிய நான்கு வரிகள் மட்டுமே இருந்தன.

"எனக்கு இதெல்லாம் வராது பெரியப்பா" என்று அழுதாள். தவறு அவளுடைய அறிவில் இல்லை. நடந்தது என்ன என்று பார்ப்போம்.

இணையப் பக்கத்தில் எழுதுவது சிலேட்டில் எழுதுவதைப் போன்றது. சிலேட்டு நம் கையில் இருக்கிறது. அதைப் பார்த்து எழுதிவைக்கும் நோட்டுப் புத்தகமோ எங்கோ தொலைவில் வேறொரு கணினியில் இருக்கிறது. இரண்டையும் இணைப்பது இணையத் தொடர்பு. தொடர்பு அறுந்தாலும், நாம் உள்ளே நுழைந்த அனுமதி காலாவதியானாலும், சிலேட்டு முன்போலவே எழுதும். நிரல் முன்போலவே ஓடும். நோட்டில் மட்டும் எதுவும் ஏறாது. நல்ல கருவி, "சேமிக்க முடியவில்லை" என்று எச்சரிக்கும். சில வேளைகளில் அந்த எச்சரிக்கையும் வருவதில்லை. அவளுக்கு நேர்ந்தது அதுதான்.

பிள்ளைகள் அதிகம் பயன்படுத்தும் கருவிகளைத் தெரிந்துகொள்வோம். ஸ்கிராட்ச் என்பதை அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கழகத்தார் 2007-இல் வெளியிட்டார்கள். 2019 ஜனவரியில் வந்த மூன்றாம் பதிப்பு இணைய உலாவிக்குள்ளேயே இயங்குகிறது. பெயர் பதிந்து நுழைந்தால் அது தானாகச் சேமிக்கும். நுழையாமல் எழுதிவிட்டுப் பக்கத்தை மூடினால் எழுதியது போய்விடும். மைக்ரோபிட் என்னும் சிறு பலகைக்கு நிரல் எழுத மேக்கோட் இருக்கிறது. அதில் பெயர் பதியாமல் எழுதினால், வேலை அந்த உலாவிக்குள் மட்டுமே தங்கும். இடம் போதவில்லை என்று அண்ணனோ அக்காளோ உலாவியின் சேமிப்பைத் துடைத்தால் அதுவும் சேர்ந்து போகும்.

செய்தது பலித்ததா என்று திரும்பிப் பார்க்கும் அவசியத்தைப் புக்கிட் பெலண்டோக் வட்டாரம் பெரும் விலை கொடுத்துக் கற்றது. 1998, 1999-இல் பரவிய நோயை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று எண்ணிக் கொசுவுக்குப் புகை அடித்தார்கள், தடுப்பூசியும் போட்டார்கள். நோய் நிற்கவில்லை. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங், இது வேறொரு புதிய கிருமி என்று கண்டார். சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரே அதற்கு வந்தது. மலேசியாவில் 105 பேர் இறந்தனர். அந்தத் துயரத்துக்கு நிரல் தொலைந்தது ஈடாகாது. ஆயினும் செய்துவிட்டோம் என்பது வேறு, அது பலித்தது என்பது வேறு என்னும் பாடம் சின்ன வேலைக்கும் பொருந்தும்.

அன்று இரவு தம்பி தம் சட்டைப்பையிலிருந்து சிறு நோட்டை எடுத்து மகளிடம் காட்டினார். "கிராணி எழுதுறாரும்மா. இருந்தாலும் நானும் எழுதுறேன். மாசக் கடைசியில ரெண்டும் ஒத்துப்போகுதான்னு பாக்குறேன். உன் கணக்கை நீ எங்கே எழுதி வச்சிருக்கே?" என்று கேட்டார்.

அவர் சொன்னதுதான் வழி. வேலை முடிந்ததும் சொந்தக் கணினியில் ஒரு படி இறக்கிக்கொள்ள வேண்டும். அதன் பெயரில் தேதியைச் சேர்க்க வேண்டும். பழைய பக்கத்தை மூடுமுன், இறக்கிய படியைப் புதிய பக்கத்தில் திறந்து பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத படியைப் படி என்று நம்பக் கூடாது. இன்னொரு படியை விரலியிலோ, வாட்ஸ்அப்பில் நமக்கு நாமே அனுப்பியோ வைக்க வேண்டும்.

மகள் மறுபடி உட்கார்ந்தாள். வழி தெரிந்திருந்ததால் இம்முறை ஒரே இரவில் எழுதி முடித்தாள். அப்பாவின் நோட்டில் இருந்த கணக்கையே அதில் முதலில் பதிந்தாள். பிறகு இருவரும் கூலிச் சீட்டோடு ஒத்துப் பார்த்தார்கள்.

பெற்றோர்களே, கணினி தெரியவில்லையே என்று நாம் ஒதுங்க வேண்டியதில்லை. பிள்ளை எழுந்திருக்குமுன், "எழுதினது எங்கே இருக்கு? திறந்து காட்டு" என்று கேட்டால் போதும். அதைக் கேட்க எழுத்தறிவுகூட வேண்டாம், அக்கறை போதும்.