ஐ-லீக் 2018–19: சென்னை சிட்டி கப் அடிச்சப்போ வியாசர்பாடி எங்கே இருந்தது?

ஃபுட்பால் எபிசோட் போட்டு ரொம்ப நாளாச்சு. நடுவுல மூணு எபிசோட் தொடர்ந்து வேலை, சம்பளம், நோட்டீஸ் பீரியட்னு போயிடுச்சு. "தம்பி, நீங்க வியாசர்பாடிதானே, பாலைப் பத்தி எப்போ பேசுவீங்க"ன்னு ஒரு அண்ணன் மெசேஜ் பண்ணியிருந்தார். இதோ பேசறேன் அண்ணே.

இன்னைக்கு எடுத்துக்கிட்டது ஒரே ஒரு சீசன். 2018–19 ஐ-லீக். தமிழ்நாட்டு கிளப் ஒண்ணு இந்தியாவோட தேசிய லீக்கை ஜெயிச்ச வருஷம். என்கூட வேலை பார்க்கிறவங்ககிட்ட இதைச் சொன்னா, பாதிப் பேர் "சென்னையின் எஃப்.சி.யா?"ன்னு கேட்கறாங்க. இல்லை. சென்னையின் வேற, சென்னை சிட்டி வேற. சென்னையின் எஃப்.சி. நீல ஜெர்சி, அபிஷேக் பச்சன், ஐ.எஸ்.எல். நான் சொல்றது சென்னை சிட்டி எஃப்.சி., ஐ-லீக்.

கேட்கிறவங்கள்ல புதுசா வந்தவங்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. அப்போ இந்தியாவுல ஒரே நேரத்துல ரெண்டு பெரிய லீக் ஓடிக்கிட்டு இருந்தது. 2014-ல ஆரம்பிச்ச ஐ.எஸ்.எல். கிட்ட பணம், டிவி, சினிமா நட்சத்திரங்கள் எல்லாம் இருந்தது. ஐ-லீக் கிட்ட பழைய கிளப்புகளும், ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றுக்கான இடமும் இருந்தது. அதாவது 2018–19-ல ஐ-லீக்கை ஜெயிக்கிற கிளப்தான் இந்தியா சார்பா அந்தத் தகுதிச் சுற்றுக்குப் போகும். 2019 கடைசியில அந்த இடம் ஐ.எஸ்.எல். பக்கம் போயிடுச்சு. சென்னை சிட்டி அந்தக் கதவு மூடறதுக்கு முன்னாடி உள்ளே போன கடைசி டீம்.

நம்ம ஊருக்குத் தேசிய லீக் புதுசு இல்லை. 1996–97-ல தேசிய ஃபுட்பால் லீக் தொடங்கினப்பவே இந்தியன் வங்கி டீம் அதுல ஆடியிருக்கு. அந்தக் காலத்துல ஒரு நல்ல பிளேயருக்குக் கனவுங்கிறது டிபார்ட்மென்ட் வேலைதான். இந்தியன் வங்கி, ஐ.சி.எஃப்., ரயில்வே, கஸ்டம்ஸ். பையன் நல்லா ஆடினா ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல கவர்மென்ட் உத்தியோகம். எங்க தெருவுல இன்னைக்கும் பெரியவங்க "நல்லா ஆடுறான்"னு சொன்னா, அதுக்கு அர்த்தம் "வேலை கிடைச்சிடும்"தான்.

சென்னை சிட்டி 2016–17-ல ஐ-லீக்குக்குள்ள வந்தது. முதல் சீசன் ஹோம் மேட்ச் எல்லாம் சென்னை நேரு ஸ்டேடியத்துல. அடுத்த சீசன்ல இருந்து கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியம். பேர்ல சென்னை, ஆட்டம் ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி. இதை மனசுல வெச்சுக்கோங்க, திரும்ப வருவேன்.

2017–18-ல இந்த டீம் கீழ் வரிசையில கஷ்டப்பட்டு முடிச்சது. அடுத்த வருஷம் இவங்க கப் அடிப்பாங்கன்னு யாரும் எழுதலை. பயிற்சியாளர் சிங்கப்பூர்க்காரர், அக்பர் நவாஸ். ஸ்பெயினோட கீழ்நிலை லீக்குகள்ல ஆடின பசங்களைக் கூட்டிட்டு வந்தாங்க. பெட்ரோ மான்சி, நெஸ்டர் கோர்டில்லோ, சாண்ட்ரோ ரோட்ரிகஸ். அவங்களோட நம்ம எட்வின் வான்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ் மாதிரி தமிழ்நாட்டுப் பசங்க. எட்வின் நெய்வேலிக்காரர்.

இந்தக் கலவை எப்படி வேலை செஞ்சதுன்னு கேட்டா, என் கணிப்பு இது: ஸ்பெயின்காரங்க பாலை வெச்சிருப்பாங்க, நம்ம பசங்க ஓடுவாங்க. ரொம்ப எளிமைப்படுத்திச் சொல்றேன், கோச்சிங் தெரிஞ்சவங்க மன்னிக்கணும். ஆனா அந்த சீசன் ஹைலைட்ஸ் பார்த்தீங்கன்னா, தற்காப்புல எட்டு பேர் நின்னுக்கிட்டு ஒரு லாங் பால் அடிச்சு முடிக்கிற பழைய ஆட்டம் இல்லை அது. 20 மேட்ச்ல 48 கோல்.

2018 அக்டோபர் 26, கோவையில சீசனோட முதல் மேட்ச். எதிர்ல இந்தியன் ஆரோஸ், ஃபெடரேஷன் நடத்தின சின்னப் பசங்க டீம். 4–1. முதல் மேட்ச்லயே மான்சி ஹாட்ரிக். சீசன் முடியறப்போ அவர் கணக்கு 21 கோல். சர்ச்சில் பிரதர்ஸ் கிளப்போட வில்லிஸ் பிளாசாவும் அதே 21. அப்புறம் கொல்கத்தாவுக்குப் போய் ஈஸ்ட் பெங்காலை அவங்க ஊர்லயே 2–1. கோவைக்கு அவங்க வந்தப்பவும் 2–1.

நடுவுல இருக்கிற மேட்ச்களை விட்டுடறேன். நேரா கடைசி நாளுக்குப் போலாம், ஏன்னா அந்த நாள் கணக்கு ஒரு புரோகிராமருக்கு விருந்து.

கடைசிக்கு முந்தைய மேட்ச்ல சென்னை சிட்டி சர்ச்சில்கிட்ட தோத்துடுச்சு. அன்னைக்கே முடிஞ்சிருக்க வேண்டிய கதை கடைசி நாள் வரைக்கும் இழுத்தது. 2019 மார்ச் 9, சனிக்கிழமை. நிலவரம்: சென்னை சிட்டி 40 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 39. சென்னை சிட்டிக்குக் கோவையில மினர்வா பஞ்சாப், அதுக்கு முந்தின வருஷ சாம்பியன். ஈஸ்ட் பெங்காலுக்குக் கோழிக்கோட்டுல கோகுலம் கேரளா. ரெண்டும் ஒரே நேரத்துல.

சென்னை சிட்டி ஜெயிச்சா மத்ததைப் பார்க்க வேண்டாம். டிரா ஆனா 41, ஈஸ்ட் பெங்கால் ஜெயிச்சா 42, போச்சு. தோத்தா 40-லயே நிக்கும். அப்போ ஈஸ்ட் பெங்கால் டிரா பண்ணினா அவங்களும் 40. புள்ளி சமமானா ரெண்டு டீமும் நேருக்கு நேர் மோதின மேட்ச்களைப் பார்ப்பாங்க. அதுல ரெண்டுமே சென்னை சிட்டி ஜெயிச்சது. அந்த ரெண்டு 2–1-ஐயும் முன்னாடி சொன்னது இதுக்குத்தான்.

மூணாவது நிமிஷம், மினர்வா கோல். ரோலண்ட் பிலாலா. கோவை ஸ்டேடியம் அமைதி. இடைவேளை வரைக்கும் 0–1. கோழிக்கோட்டுல கோலே இல்லை. அதாவது, அந்த நிமிஷத்துல ரெண்டு மேட்சையும் நிறுத்தியிருந்தா ரெண்டு டீமும் 40. கப், நேருக்கு நேர் கணக்குல சென்னை சிட்டிக்கு. தோத்துக்கிட்டே சாம்பியன்! ஆனா கோழிக்கோட்டுல ஈஸ்ட் பெங்கால் ஒரே ஒரு கோல் போட்டு முன்னாடி போயிருந்தா எல்லாம் மாறியிருக்கும்.

56-வது நிமிஷம் பெனால்டி, மான்சி, 1–1. 69-வது நிமிஷம் கௌரவ் போரா, 2–1. போரா டிஃபெண்டர்ங்க. கோல் போடறது அவர் வேலையே இல்லை. கோழிக்கோட்டுல முதல் கோல் போட்டது கோகுலம்தான். ஆனா ஈஸ்ட் பெங்கால் விடலை. கடைசி கால் மணி நேரத்துக்குள்ள ரெண்டு கோல் அடிச்சு 2–1. இப்போ நிலவரத்தைப் பாருங்க. மினர்வா இன்னொரு கோல் போட்டா கப் கொல்கத்தாவுக்கு. அந்தக் கடைசி நிமிஷங்கள்ல கோவையில உட்கார்ந்திருந்தவங்களுக்குப் பிபி எவ்ளோ இருந்திருக்கும்! கூடுதல் நேரத்துல போரா மறுபடியும் ஒண்ணு போட்டு 3–1-னு முடிச்சு வெச்சார். 43-க்கு 42. ஒரே ஒரு புள்ளி.

தமிழ்நாட்டு கிளப் ஒண்ணு ஐ-லீக் ஜெயிக்கிறது அதுதான் முதல் தடவை.

அன்னைக்கு சாயங்காலம் நான் இங்கேதான் இருந்தேன். காலேஜ் முடியற நேரம். முல்லை நகர் கிரவுண்டுல வழக்கம்போல நாலஞ்சு குரூப் ஆடிக்கிட்டு இருந்தாங்க. ஒரு ஓரத்துல சின்னப் பசங்களுக்கு டிரில். இன்னொரு ஓரத்துல பெரிய பசங்க செவன்ஸ். செங்கல் வெச்ச கோல்போஸ்ட். கிரவுண்டு ஓரத்துல டீ குடிச்சிக்கிட்டு இருந்த கோச் அண்ணன் ஒருத்தர் மட்டும் போனைப் பார்த்துட்டு, "டேய், நம்ம ஊர் டீம் கப் அடிச்சிடுச்சுடா"ன்னு கத்தினார். பசங்க ஒரு செகண்ட் திரும்பிப் பார்த்தாங்க. ஒருத்தன் கேட்டான்: "எந்த ஊர் டீம்ணா?"

அவன் விளையாட்டுக்குக் கேட்கலை, நிஜமாவே தெரியாமத்தான் கேட்டான். அவன் போட்டிருந்தது பார்சிலோனா ஜெர்சி.

வியாசர்பாடி வெளியில இருந்து பார்க்கிறவங்களுக்கு "மினி பிரேசில்". நாலு வருஷத்துக்கு ஒரு தடவை உலகக் கோப்பை வந்தா டிவி கேமராவெல்லாம் எங்க தெருவுக்கு வந்துடும். பையனை பால் தட்டச் சொல்லுவாங்க, படம் எடுத்துட்டுப் போயிடுவாங்க. [சிரிப்பு] அதைக் குறை சொல்லலை. 90-கள் கடைசியில இருந்து ஸ்டெட்ஸ் மாதிரி அமைப்புகள் இங்கே குடிசைப் பகுதிப் பசங்களுக்கு ஃபுட்பாலும் டியூஷனும் சேர்த்து நடத்தறாங்க. பசங்க கிரவுண்டுக்கு வந்தா ஸ்கூலுக்கும் போகணும்ங்கிற கணக்கு. அது நிறைய வீட்டைக் காப்பாத்தியிருக்கு. ஆனா கேமராவோட வர்றவங்க கேட்காத கேள்வி ஒண்ணு இருக்கு. பதினேழு வயசுல இந்தப் பையன் எந்த கிளப்புக்குப் போவான்?

எங்க ஏரியாவுல இருந்து பெரிய லெவலுக்குப் போனவர் தனபால் கணேஷ். வியாசர்பாடிப் பையன், மிட்ஃபீல்டர். 2018 மார்ச்ல ஐ.எஸ்.எல். அரையிறுதி, நம்ம நேரு ஸ்டேடியம், எஃப்.சி. கோவாவுக்கு எதிரா 3–0. அதுல ஒரு கோல் தனபாலோடது. அப்புறம் பெங்களூருல பெங்களூரு எஃப்.சி.யை 3–2-னு ஜெயிச்சு சென்னையின் சாம்பியன். அந்த வாரம் இங்கே ஒவ்வொரு டீக்கடையிலயும் அவர் பேர்தான். ஏன்னா அந்த கோலை பஸ் புடிச்சுப் போய் நேர்ல பார்த்தவங்க இங்கே இருந்தாங்க.

அதே தனபால் அடுத்த சீசன் முழங்கால் காயத்தால பெரும்பாலும் வெளியே. சென்னையின் 18 மேட்ச்ல ரெண்டே ரெண்டு ஜெயிச்சு, 9 புள்ளியோட கடைசி இடம். ஆக, 2018–19-ல சென்னைங்கிற பேர் ஒரு லீக்ல உச்சியிலயும் இன்னொரு லீக்ல அடியிலயும் இருந்தது. பசங்க நேர்ல பார்க்க முடிஞ்சது அடியில இருந்த டீமை. உச்சியில இருந்த டீமைப் பார்க்கணும்னா ராத்திரி சேரன் எக்ஸ்பிரஸ் புடிக்கணும்.

கோவைக்காரங்க கோச்சுக்காதீங்க. நீங்க அந்த டீமை உங்க டீமா எடுத்துக்கிட்டீங்க, கடைசி நாள் ஸ்டேடியத்துக்கு வந்து கத்தினீங்க. சந்தோஷம். என் வருத்தம் வேற.

அந்த ஏப்ரல்ல இன்னொண்ணும் நடந்தது. புவனேஸ்வர்ல சூப்பர் கப். அந்த வருஷ ஐ.எஸ்.எல். சாம்பியன் பெங்களூரு எஃப்.சி.யும் ஐ-லீக் சாம்பியன் சென்னை சிட்டியும் காலிறுதியில நேருக்கு நேர். 2–1, சென்னை சிட்டி. ரெண்டு கோலும் மான்சி. பணக்கார லீக்கா, பழைய லீக்கான்னு வருஷக்கணக்கா நடந்த சண்டைக்குக் கிரவுண்டுல கிடைச்ச பதில் அது. அரையிறுதியில கோவாகிட்ட 0–3-னு தோத்தாங்க, அதையும் சொல்லிடறேன்.

அதே வருஷம் சுவிட்சர்லாந்தோட எஃப்.சி. பாசல் கிளப் சென்னை சிட்டியில 26 சதவீதப் பங்கு வாங்கியிருந்தது. ஐரோப்பா கிளப் ஒண்ணு கூட வருதுன்னா அகாடமி வரும், ஸ்கவுட் வருவாங்கன்னு இங்கே சில அண்ணன்மார் நிஜமாவே நம்பினாங்க.

அடுத்து நடந்தது வேகமா முடிஞ்சிடுச்சு. எட்வின் சென்னையினுக்குப் போனார். கோர்டில்லோ ஹைதராபாத். 2020 ஜனவரியில ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்று, பஹ்ரைனோட ரிஃபா கிளப், 0–1, முதல் மேட்ச்லயே வெளியே. மான்சி ஜப்பானுக்குக் கிளம்பினார். அப்புறம் கோவிட். 2021-ல கிளப் லைசென்ஸ் நிபந்தனைகளைப் பூர்த்தி செய்யலைன்னு சென்னை சிட்டி லீக்ல இருந்தே போயிடுச்சு. கப் அடிச்சு மூணு வருஷம்கூட முழுசா ஆகலை.

எங்க வேலையில ஒரு சர்வர் படுத்தா எது எதெல்லாம் அதை நம்பி ஓடிக்கிட்டு இருந்ததுன்னு அப்போதான் தெரியும். இந்த கிளப் போனதும் அப்படித்தான். நந்தகுமார் சேகரை எடுத்துக்கோங்க. சென்னைப் பையன், அப்பா ஆட்டோ ஓட்டினவர். சென்னை லீக்ல ஹிந்துஸ்தான் ஈகிள்ஸ், அங்கிருந்து 2017-ல சென்னை சிட்டி, அங்கிருந்து டெல்லி டைனமோஸ், ஒடிசா. 2023 ஆகஸ்ட் 12, டூரண்ட் கப்ல மோகன் பகானுக்கு எதிரா ஈஸ்ட் பெங்காலுக்காக அவர் போட்ட ஒரே கோல், ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் நாலரை வருஷமா காத்திருந்த டெர்பி வெற்றி. கொல்கத்தாவே அவர் பேரைச் சொல்லிச்சு. அந்தப் பாதையில நடுவுல இருந்த படி சென்னை சிட்டி. லோக்கல் லீக்ல ஆடுற இருபது வயசுப் பையனை எடுத்து, தேசிய லீக்ல இறக்கிவிடுற இடம். ஐ.எஸ்.எல். கிளப் அந்த ரிஸ்க் எடுக்கிறது அபூர்வம். இன்னைக்கு அந்தப் படி இல்லை.

மேல இருக்கிற படியும் ஆடுது. 2025 ஜூலையில ஒப்பந்தச் சிக்கலால ஐ.எஸ்.எல். சீசனையே நிறுத்தி வெச்சாங்க. ஆகஸ்ட்ல சென்னையினும் முதல் டீம் வேலைகளை நிறுத்தி வெச்சது. சம்பளம் வாங்கற பிளேயருக்கே அடுத்த மாசம் தெரியாத நிலைமை. அப்போ எங்க பக்கத்து வீட்டு அக்கா என்கிட்ட வந்து, "தம்பி, இவன் பத்தாவது, பாலே கதின்னு இருக்கான், இதுல ஏதாவது இருக்கா, இல்ல டிப்ளமோல சேர்த்துடவா?"ன்னு கேட்டாங்க. இன்ஜினியரிங் படிச்சவன்னா எல்லாத்துக்கும் பதில் தெரியும்னு ஒரு நம்பிக்கை. "ரெண்டும் பண்ணட்டும் அக்கா, பாலிடெக்னிக்லயும் ஸ்போர்ட்ஸ் கோட்டா இருக்கு"ன்னு சொன்னேன். அவன் இப்போ மெக்கானிக்கல் டிப்ளமோ. காலையில அஞ்சரைக்கு கிரவுண்டு, எட்டரைக்கு காலேஜ். லெஃப்ட் பேக் ஆடுறான். நல்லா ஆடுறான்.

கோவையில அந்த மார்ச் 9 மேட்ச்சை நேர்ல பார்த்தவங்க யாராவது கேட்டுக்கிட்டு இருந்தா, ஒரு நிமிஷ வாய்ஸ் நோட் அனுப்புங்க. அந்தக் கடைசி நிமிஷங்கள் எப்படி இருந்ததுன்னு உங்க குரல்லயே அடுத்த எபிசோட்ல போடறேன். வரேன்.