வீட்டு இணையமும் பழுதறியும் முறையும்
(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



தமிழாசிரியனாகிய யான் இம்மேடையேறிய போதெல்லாம் இலக்கிய விஷயமாகச் சில சொல்லி இறங்குவதே வழக்கம். இன்று ரவுட்டரைப் பற்றியும் வைபையைப் பற்றியும் பேசப் புகுந்தமை கண்டு சிலர் நகைக்கக்கூடும். காரியதரிசி அவர்கள் இப்பொருளை என்பால் ஒப்புவித்தபோது, "கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகள் நம்மில் எத்தனையோ பேர் உளரே" என்று மறுத்தேன். அதற்கவர், "அவர்கள் வருகிறார்கள், சரி செய்கிறார்கள், போகிறார்கள், செய்தது இன்னதென்று ஒருவர்க்கும் சொல்வதில்லை. நீர் பட்ட பாட்டைச் சொன்னாற் போதும்" என்றார். அச்சொல்லில் உண்மை உண்டாதலின் உடன்பட்டேன்.

பட்ட பாட்டையே முதற்கண் கூறுகிறேன். நம் மாகாணத்தில் பொறியியற் கல்லூரிக் கலந்தாய்வு 2018-ஆம் ஆண்டு முதல் இணைய வழியாக நடந்து வருகின்றது. குறித்த நாட்களுக்குள் மாணாக்கர் தம் விருப்பப் பட்டியலைப் பதிந்தாக வேண்டும். எங்கள் தெருவில் ஒரு பெண்குழந்தைக்கு அந்நாள் வந்தது. வீட்டிலுள்ள பழைய கம்ப்யூட்டரில் எப்பக்கத்தைத் திறப்பினும், 'இத்தொடர்பு பாதுகாப்பானதன்று' என்ற எச்சரிக்கையே தோன்றிற்று. வந்து பார்த்த ஒருவர் ரவுட்டர் பழுது என்றார், புதியது வாங்கினர். மற்றொருவர் எல்லாவற்றையும் அழித்து மீண்டும் ஏற்ற வேண்டுமென்றார். யானும் என் அறிவுக்கெட்டிய மட்டும் கம்பிகளைக் கழற்றி மாட்டினேன். கடைசி நாள் மாலை, பத்தாம் வகுப்பிற் பயிலும் என் மாணாக்கன் ஒருவன் வந்து, திரையின் மூலையைச் சுட்டி, "ஐயா, இதில் ஆண்டு 2010 என்றிருக்கிறதே!" என்றான். ஆண்டையும் நாளையும் திருத்தினோம், பக்கம் திறந்தது. பட்டியலைப் பதிந்து முடித்தபோது அக்குழந்தையின் தாயார் அழுத அழுகையை யான் மறவேன்.

காரணம் யாதெனிற் கூறுவேன். வங்கி, அரசாங்கம் முதலியவற்றின் பக்கங்கள் தம்மை இன்னாரென்று மெய்ப்பிக்க ஒரு சான்றிதழைக் காட்டுகின்றன. அச்சான்றிதழ் செல்லத் தொடங்கும் நாளும் முடியும் நாளும் அதிலேயே குறிக்கப்பட்டிருக்கும். கம்ப்யூட்டர் தன் கடிகாரத்தோடு அதனை ஒப்பிட்டு நோக்கும். கடிகாரம் 2010 என்று காட்டினால், இச்சான்றிதழ் இன்னும் பிறக்கவேயில்லை என்று கருதி அது கதவை அடைத்துவிடும். கடிகாரம் பின்சென்றதற்குக் காரணம், பெட்டிக்குள் நாணயம் போன்றிருக்கும் சிறு மின்கலம் தீர்ந்தமையே. 2032 என்ற எண் பொறித்த அக்கலம் கைக்கடிகாரக் கடைகளிற் சொற்ப விலைக்குக் கிடைக்கும். வாங்கிய புது ரவுட்டர் வீணாயிற்று.

இதனின்று யான் கற்றது, பழுது எவ்விடத்தது என்று துணியுமுன் கை வைத்தல் கூடாதென்பதே. இடத்தைத் துணிய வேண்டுமாயின் செய்தி செல்லும் வழி தெரிந்திருத்தல் வேண்டும்.

பழைய ஏட்டுச்சுவடி ஒன்றை நினைமின். ஒரு பெரிய நூலை ஓரூரிலிருந்து மற்றோரூருக்கு அனுப்ப விரும்பியவன், கட்டை அவிழ்த்து, ஒவ்வோரேட்டின் விளிம்பிலும் எண்ணிட்டு, பெறுவோன் பேரும் எழுதி, பல வழிப்போக்கர் கையில் ஒவ்வோரேடாகக் கொடுத்தனுப்புகிறான் என்று கொள்வோம். பெறுவோன் எண் பார்த்து அடுக்குகிறான். ஏழாமேடு வரவில்லையெனின் அதனை மட்டும் படியெடுத்து மீட்டும் அனுப்பச் சொல்கிறான். இணையத்திற் செய்தி செல்வதும் ஏறக்குறைய இவ்வாறேயாம். இம்முறையை விண்ட் செர்ப், ராபர்ட் கான் என்னும் அமெரிக்கர் இருவர் 1974-இல் வகுத்து வெளியிட்டனர். 1983 ஜனவரி முதல் நாளன்று அந்நாட்டு ஆராய்ச்சி வலை முழுதும் இதற்கு மாறிற்று. நம் நாட்டிற் பொதுஜனங்களுக்கு இணையம் திறக்கப்பட்டது 1995 ஆகஸ்டு 15-ஆம் நாள்.

ஏட்டின்மேல் எழுதும் விலாசம் பெயரன்று, எண். நாமோ எண்ணை ஞாபகத்தில் வைக்க மாட்டோம், பெயரையே தட்டுகிறோம். பெயரைக் கேட்டு எண்ணைச் சொல்லும் நிகண்டு ஒன்று இடையே வேண்டப்படுகிறது. இதனை டி.என்.எஸ். என்பர், பால் மொக்கபெட்ரிஸ் என்பார் 1983-இல் அமைத்தது. நிகண்டு கெட்டால் இணையம் முழுதும் கெட்டதுபோலத் தோன்றும். உண்மையில் வழி திறந்தேயிருக்கும்.

இனி, நம்மவர் பெரிதும் மயங்குமிடம் ஒன்று. "வைபை இருக்கிறது, ஆனால் நெட் வரவில்லை" என்று நாள்தோறும் கேட்கிறோம். வைபை என்பது கைப்பேசிக்கும் ரவுட்டருக்கும் இடையேயுள்ள வீட்டு முற்றம் மாத்திரமே. ரவுட்டரிலிருந்து கம்பெனி வரை செல்லும் கண்ணாடியிழை தெரு. முற்றம் செவ்வனே இருக்கத் தெரு அறுந்திருக்கலாம்.

ஆதலின் பழுது நேர்ந்துழி முதலில் வேறொரு கைப்பேசியில் பாருங்கள். அதில் வருமாயின் குற்றம் முதற் கருவியினுடையது. எதிலும் வாராதாயின் சுவரிலுள்ள பெட்டியின் விளக்குகளை நோக்குங்கள். எல்.ஓ.எஸ். என்ற விளக்கு சிவந்தெரிந்தால் இழைவழி ஒளி வரவில்லை என்பது பொருள். இழை அறுந்தோ மடங்கியோ இருக்கலாம். அப்போது கம்பெனிக்குச் சொல்வதன்றி நாம் செய்யக்கூடியது யாதுமில்லை. ரவுட்டரைப் பத்துமுறை அணைத்து ஏற்றுவது வீண். சிவப்பு இல்லையாயின் ஒருமுறை அணைத்து, அரை நிமிஷம் பொறுத்து ஏற்றுங்கள்.

அதற்கும் மசியாவிடில், கம்ப்யூட்டரில் கரிய கட்டளைத் திரையைத் திறந்து, 'பிங்' என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் இட்டு, ரவுட்டரின் எண்ணைத் தட்டுங்கள். அவ்வெண் பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். பெட்டியின் அடியில் ஒட்டிய சீட்டிற் காணலாம். மறுமொழி வந்தால் முற்றம் நன்று. அடுத்து 8.8.8.8 என்ற எண்ணைத் தட்டுங்கள். அதற்கும் மறுமொழி வந்தால் தெருவும் நன்று. பின்னர் யாதேனுமொரு பக்கத்தின் பெயரைத் தட்டுங்கள். எண்ணுக்கு விடை வந்து பெயருக்கு வாராதொழியின் குற்றம் நிகண்டினுடையது, டி.என்.எஸ். என்ற இடத்தில் அந்த 8.8.8.8 என்பதையே எழுதிவிட்டால் பெரும்பாலும் தீரும். உங்கள் கம்ப்யூட்டரின் எண்ணே 169.254 என்று தொடங்குமாயின், ரவுட்டர் அதற்கு விலாசம் வழங்கவில்லை. அது தானாக ஒன்றை வைத்துக்கொண்டது என்றறிக.

இவற்றைத் தமிழ்ப்புலவன் ஒருவன் கற்றுக்கொள்ளச் சென்றது இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள். எழுத்து, அசை, சீர், தளை என்று ஒன்றன்மேலொன்றாகச் சோதித்துச் செய்யுளின் வழுவைக் கண்டுபிடிக்கும் பழக்கமுடையார்க்கு இஃது அருமையன்று.

ரவுட்டரை வைக்குமிடம் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். நம் வீடுகளில் அதனை இரும்புப் பீரோவின் பின்னாலோ, மாடிப்படியின் கீழோ, சமையலறை அலமாரியிலோ வைக்கிறார்கள், பார்வைக்கு அழகாயில்லை என்று. இரும்பும் நிலைக்கண்ணாடியும் தண்ணீர்த் தொட்டியும் அலையைத் தடுப்பன. வீட்டின் நடுவில், தலைக்கு மேலான உயரத்தில் வெளிப்பட வையுங்கள். ஒரே பெட்டி இருவகை அலைகளை விடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைக் கடந்து தூரம் செல்லும், வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமுடையது, சுவருக்கு அஞ்சும். செட்டிநாட்டு வீடுகளைப் போன்ற தடித்த சுவருள்ள மனைகளில் பின்கட்டுக்கு முன்னதே உதவும். மைக்ரோவேவ் அடுப்பும் ஏறக்குறைய அந்த 2.4-இலேயே வேலை செய்வதால், அடுப்பெரியும்போது படம் நின்று நின்று ஓடுவது வியப்பன்று. நூறு எம்.பி.பி.எஸ். என்று பணம் வாங்கிப் பன்னிரண்டே தருகிறான் என்று கோபிக்கும் அன்பர்க்கு ஒரு வார்த்தை: கம்பெனி கணக்கிடுவது பிட்டில், உங்கள் திரை காட்டுவது பைட்டில். எட்டுப் பிட்டு ஒரு பைட்டு. வகுத்துப் பாருங்கள்.

இனிச் சொல்லப் போவது வருத்தந்தரும் விஷயம். நம்மவருள் ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர், பெயர் வேண்டா, இணையம் நின்றபோது உதவி எண்ணைக் கைப்பேசியிலேயே தேடியெடுத்துப் பேசினார். அஃது ஒரு வஞ்சகன் இட்டுவைத்த எண். அவன் மிக மரியாதையாகப் பேசி, திரையைப் பகிரும் செயலி ஒன்றை ஏற்றச் செய்தான். அதன்பின் அவர் தட்டியதெல்லாம் அவன் கண்டான். சேமிப்பிற் பெரும்பகுதி போயிற்று. அதனினும் கொடியது, வெட்கத்தால் அவர் பதினொரு நாள் தம் மக்களிடமும் சொல்லவில்லை. உடனே 1930 என்ற எண்ணுக்குத் தொலைபேசியிற் சொல்லியிருப்பின், பணம் கணக்கு விட்டுக் கணக்கு ஓடுமுன் தடுத்து நிறுத்த இடமுண்டு. நேரம் செல்லச் செல்ல அவ்வாய்ப்புத் தேயும். கம்பெனியின் எண்ணைப் பில்லிலிருந்தே எடுங்கள். யு.பி.ஐ. இரகசிய எண்ணைத் தட்டுவது பணம் கொடுப்பதற்கன்றிப் பெறுவதற்கன்று. ஏமாந்தவரை ஏசாதீர்கள், ஏச்சுக்கு அஞ்சியே அடுத்தவர் மறைப்பார்.

அம்முதியவர் ஏன் அன்னியனை நாடினார் என்று எண்ணிப் பார்த்தேன். அவர் வீட்டெதிரிலேயே நம் பிள்ளைகள் மூவர் இத்தொழிலில் இருக்கின்றனர். முன்பு ஒருவரைக் கேட்டபோது, "உங்களுக்குப் புரியாது மாமா, கொடுங்கள்" என்று வாங்கிச் செய்தாராம். மறுமுறை கேட்க அவர்க்குக் கூச்சம். அக்காலத்து வைத்தியர் சிலர் மருந்து முறையைத் தம் மகனுக்கும் சொல்லாது ஏட்டோடு மாண்டார் என்று நாம் குறை கூறுகிறோம். ரவுட்டரின் கடவுச்சொல்லை ஒருவரே வைத்திருந்து வெளிநாடு சென்றுவிட, வீடு திண்டாடுவது அதற்கு எவ்வகையிற் குறைந்தது? வீட்டுக்கொரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். கம்பெனிக் கணக்கெண், வைபைச் சொல், ரவுட்டருக்குள் நுழையும் சொல் இவற்றை எழுதிப் பத்திரங்களோடு வையுங்கள். நுழைசொல் இன்னும் 'அட்மின்' என்றேயிருந்தால் இன்றிரவே மாற்றுங்கள்.

காரியக் கமிட்டியின் அநுமதியோடு, வரும் ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்கக் கட்டடத்தில் இவற்றைக் கையாற் செய்து காட்டுவோம். நம்மவர்க்கு மட்டுமே என்று வைக்க வேண்டுமென இருவர் கூறினர். தெருக்கோடியிலிருக்கும் பிறரும் அதே கம்பத்துக் கம்பியில் தொங்குகின்றவர்கள்தாமே. அவர்களும் வரலாம் என்றே முடிவாயிற்று. அந்தப் பத்தாம் வகுப்பு மாணாக்கன் கற்பிப்பான். யான் பலகையில் எழுதுவேன். ரவுட்டரைக் கழற்றிக்கொண்டு வர வேண்டுவதில்லை. அதன் அடியிலுள்ள சீட்டைக் காகிதத்திற் பெயர்த்தெழுதி வந்தாற் போதும். அச்சீட்டைப் படமெடுத்துச் சங்கத்து வாட்சப் குழுவில் மட்டும் இட்டுவிடாதீர்கள். சென்ற வாரம் நால்வர் இட்டிருந்தனர்.