அரைநாள் கூலியும் முழுநாள் கையெழுத்தும்

(கல்விச் சங்க வெள்ளி விழாவில் கடமலைக்குண்டில் ஆற்றிய உரை)



“நம்பிக்கையும் பணியும்” என்னும் பொருள்பற்றி உரையாற்றுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்துள்ளனர். நான் சமய நூல்களைத் துறைபோகக் கற்றவன் அல்லன். அரசுப் பள்ளியில் வரலாறு கற்பித்து, பின்னர்த் தலைமையாசிரியன் ஆனவன். வருகைப் பதிவேட்டையும் வரவு செலவு ஏட்டையும் நாள்தோறும் கையாளுகின்ற ஒருவன் பேசத்தக்கதை மட்டுமே பேசுகிறேன்.

இந்த அவையில் மாதா கோயிலுக்குச் செல்வோர் இருக்கின்றீர்கள். காளியம்மனுக்கும் மாரியம்மனுக்கும் பொங்கல் வைப்போர் இருக்கின்றீர்கள். அண்ணல் அம்பேத்கர் காட்டிய வழியில் புத்தரைச் சரணடைந்தோரும் இருக்கின்றீர்கள். எவ்வழியில் நின்றாலும் ஒரு கேள்வி நம் அனைவருக்கும் பொதுவானது. வெள்ளியன்றும் ஞாயிறன்றும் நாம் கைகூப்பி வணங்குகின்ற நம்பிக்கை, திங்கட்கிழமை காலையில் நாம் பணிபுரியும் இடத்திற்குள் நம்மோடு வருகின்றதா? வாயிற்படியிலேயே நின்றுவிடுகின்றதா?

இக்கேள்வியை எனக்குக் கற்பித்தது எந்த நூலும் அன்று. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாய்.

பணியில் சேர்ந்த புதிதில், மலையடிவாரச் சிற்றூர் ஒன்றின் பள்ளியில் நான் ஆசிரியனாக இருந்தேன். அவ்வூருக்குக் காலையில் ஒரே ஒரு பேருந்து. அதைத் தவறவிட்டால் நண்பகலுக்குத்தான் அடுத்தது. நான் அதைப் பலமுறை தவறவிட்டேன். நண்பகலில் சென்று, முழுநாளுக்கும் கையெழுத்திட்டேன். கேட்பார் எவரும் இல்லை. ஒருநாள் பேருந்தைவிட்டு இறங்கி நடந்துகொண்டிருந்தேன். இலவங்காட்டில் வேலை செய்துவிட்டு எதிரே வந்த தாய் ஒருவர் நின்று, “சாரு, நாங்க அரை நேரம் போனா அரைக் கூலிதான் குடுப்பாக. ஒங்களுக்கு எப்பிடி?” என்று கேட்டார்.

அவர் குரலில் சினம் இல்லை, ஏளனமும் இல்லை. உண்மையாகவே அறிந்துகொள்ள விரும்பிக் கேட்டார். அவருடைய மகன் என் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தான். நான் பிறந்ததைப் போன்றதொரு குடிசையில் பிறந்தவன் அவன். விடை கூற இயலாமல் தலைகுனிந்து நடந்தேன். மறு வாரமே அவ்வூரில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கினேன். ஆயினும் அதற்குமுன் நான் இட்ட கையெழுத்துகளை இன்றும் என்னால் அழிக்க இயலவில்லை.

அன்பர்களே! பஞ்சசீலம் என்று பௌத்தம் கூறும் ஐந்து ஒழுக்கங்களை நீங்கள் அறிவீர்கள். அவற்றுள் ஒன்று, கொடுக்கப்படாததை எடுக்காமை. மற்றொன்று, பொய் உரையாமை. நண்பகலில் வந்தவன் முழுநாளுக்குக் கையெழுத்திடும்போது, உழைக்காத அரைநாளின் ஊதியத்தை எடுத்துக்கொள்கிறான். வராத நேரத்தில் வந்ததாகப் பொய்யும் எழுதுகிறான். ஒரே கையெழுத்தில் இரண்டு சீலங்கள் முறிகின்றன. கிறித்தவரானாலும் சைவரானாலும் அவரவர் நெறியும் இதையே சொல்லும். களவுக்கும் பொய்க்கும் இடம் கொடுத்த சமயம் எதுவும் இல்லை. நாம்தாம் அவற்றைப் பதிவேட்டுக்குள் வேறு பெயரிட்டு அனுமதித்துவிட்டோம்.

நம்பிக்கையைப் பணியிடத்திற்குக் கொண்டுசென்ற நம் முன்னோரைக் காண வேண்டுமாயின், நாம் கோலார் தங்கவயலை நோக்க வேண்டும். அன்றைய மைசூர்ச் சமஸ்தானத்தில் இருந்த அச்சுரங்கங்களை 1880 முதல் ஜான் டெய்லர் என்னும் ஆங்கிலேய நிறுவனம் நடத்தியது. வட ஆர்க்காட்டுப் பகுதியிலிருந்து நம் மக்கள் பல்லாயிரவர் அங்கே குடிபெயர்ந்தனர். பின்னாளில் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் சென்ற சுரங்கங்கள் அவை. பாறை வெடித்து மாண்டோர் பலர். கல்தூசி படிந்து நுரையீரல் நைந்து மாண்டோர் பலர். 2001ஆம் ஆண்டு அச்சுரங்கங்கள் மூடப்பட்டன.

இத்தகைய வாழ்க்கைக்கு இடையில்தான் அம்மக்கள் ஒரு நம்பிக்கையைத் தேர்ந்துகொண்டனர். அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் இலங்கைக்குச் சென்று பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பி, சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். தங்கவயலின் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃப்ஸிலும் அதன் கிளைகள் தோன்றின. 1907 ஜூன் 19ஆம் நாள் பண்டிதர் “ஒரு பைசாத் தமிழன்” என்னும் வார இதழைத் தொடங்கினார். ஓராண்டுக்குப்பின் அது “தமிழன்” எனப் பெயர் பெற்றது. அதன் விலை ஒரு பைசா, அதாவது காலணா. அதைத் தாங்கி நின்றவர்களில் தங்கவயல் மக்கள் முதன்மையானவர்கள். 1914இல் பண்டிதர் மறைந்தார். இதழும் சிறிது காலத்தில் நின்றது. 1926இல் ஜி. அப்பாதுரையார் ஆசிரியராக, அதே “தமிழன்” தங்கவயலிலிருந்து மீண்டும் வெளிவந்தது. அங்கிருந்த சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் நூல்களை அச்சிட்டு வழங்கியது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது யாது? நிலத்தின் அடியில் உழைத்து, அந்தக் கூலியில் ஒரு பைசாவை எடுத்துக் கொடுத்தவர்களின் காசு அது. அக்காசில் ஓர் இதழும் அச்சுப்பணியும் புத்தகசாலையும் வாழ்ந்தன. கொடுத்தவர் உழைப்பாளி, பெற்றுக்கொண்டவரும் உழைக்கக் கடமைப்பட்டவர். இச்சங்கமும் அத்தகைய காசில் பிறந்ததே. களையெடுப்புக் கூலியிலும் தேங்காய் உரித்த கூலியிலும் வாரந்தோறும் ஐந்து ரூபாய் கொடுத்தவர்கள் இங்கே முன்வரிசையில் அமர்ந்திருக்கின்றனர்.

கணக்குக் கேட்பது என்பதிலும் இருவகை உண்டு. ஒன்று ஐயத்தால் கேட்பது. மற்றொன்று உரிமையால் கேட்பது.

1930இல் தங்கவயல் நிறுவனத்தார் தொழிலாளர்களுடைய கைரேகைகளைப் பதிவு செய்ய முற்பட்டனர். தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து எதிர்த்தனர். நம் ஆண்டிபட்டிக் கணவாய்க்கு அப்பால் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3ஆம் நாள் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ்க் கைரேகை வைக்க மறுத்த பிரமலைக் கள்ளர் மக்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். சாதி வேறாயினும், சந்தேகத்தின் மையைத் தம் விரலில் ஏற்க மறுத்த மானம் ஒன்றே. மனிதனைத் திருடன் என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு கேட்கின்ற கணக்கு, அவனைச் சிறுமைப்படுத்தும்.

என்னை வழிமறித்த தாய் கேட்டதோ உரிமைக் கணக்கு. தன் மகனுடைய அரைநாள் எங்கே போயிற்று என்று கேட்க அவருக்கு முழு உரிமை உண்டு. நம் பள்ளிகளுக்குக் கைரேகை வருகைக் கருவி வந்தபோது ஆசிரியர் பலர் மனம் வருந்தினோம். அவ்வருத்தத்தில் நியாயம் உண்டு. ஆனால் தாமே உண்மைக் கணக்குக் காட்டுவோருக்கு மட்டுமே அவ்வாறு வருந்தும் தகுதியும் உண்டு. முன்பே நேர்மையாகக் கையெழுத்திட்டிருந்தால் கருவிக்குத் தேவை என்ன வந்திருக்கும்?

உரிமையால் கேட்கும் கணக்கைப் பௌத்த சங்கம் ஒரு சடங்காகவே வகுத்து வைத்தது. மழைக்காலம் முடிந்ததும் பிக்குகள் ஒன்றுகூடுவர். ஒவ்வொருவரும் எழுந்து, தம்மிடம் பிறர் கண்ட, கேட்ட, ஐயுற்ற குற்றங்களை எடுத்துச் சொல்லுமாறு சபையை வேண்டுவர். பவாரணை என்பது அதன் பெயர். புத்தர் பெருமானே அவ்வாறு தம் சீடர்களை வேண்டினார் என்று பாலி நூல்கள் கூறுகின்றன. தலைவரே முதலில் தம்மைக் கேள்விக்கு உட்படுத்திக்கொண்ட இயக்கம் அது. அண்ணல் அம்பேத்கர் 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். அன்று ஔரங்காபாத் என வழங்கிய நகரில் அக்கழகம் 1950இல் தொடங்கிய கல்லூரி, பின்னர் மிலிந்த் என்னும் பெயரைப் பெற்றது. மிலிந்தன் யார்? நாகசேனர் என்னும் துறவியிடம் கேள்விமேல் கேள்வி கேட்ட கிரேக்க மன்னன். நம் மக்களுக்கான கல்லூரிக்குக் கேள்வி கேட்டவன் பெயர் வாய்த்ததன் பொருளைச் சிந்தித்துப் பாருங்கள்.

இங்கே ஒரு தடை எழும். “உழைப்பே வழிபாடு என்று சொல்லிச் சொல்லித்தானே நம்மை நூற்றாண்டுக் கணக்கில் வேலை வாங்கினார்கள்? பலனைக் கேளாதே, பணியைச் செய் என்றுதானே பண்ணையில் கட்டிவைத்தார்கள்? இப்போது நீரும் அதையே சொல்கிறீரா?” என்று இளைஞர்கள் கேட்கக்கூடும். அக்கேள்வி நேர்மையானது. சாதி என்பது வேலையைப் பங்கிடும் முறை மட்டுமன்று. வேலை செய்யும் மக்களையே ஒருவர்க்கு ஒருவர் கீழாக அடுக்கிவைக்கும் முறை என்று அண்ணல் 1936இலேயே விளக்கியிருக்கிறார். அந்த அடுக்குக்கு ஒத்தூதும் பக்தியை நாம் ஏற்க இயலாது.

ஆனால் சிங்காலன் என்னும் இல்லறத்தானுக்குப் புத்தர் கூறிய அறவுரையைப் பாருங்கள். வேலை வாங்குவோருக்கு ஐந்து கடமைகளை அவர் முதலில் வைக்கிறார். ஆளின் வலிமை அறிந்து வேலை தருதல், உணவும் கூலியும் அளித்தல், நோயுற்றால் பேணுதல், சிறந்த உணவு கிடைத்தால் பகிர்தல், உரிய காலத்தில் ஓய்வு விடுதல் ஆகியவை அவை. அதற்குப் பின்னரே பணிசெய்வோரின் கடமைகள் வருகின்றன. கொடுக்கப்பட்டதை மட்டும் எடுத்துக்கொள்வதும், வேலையைச் செம்மையாகச் செய்வதும் அவற்றுள் அடங்கும். ஆசிரியர் மாணவருக்கு எதையும் ஒளிக்காமல், மனத்தில் பதியுமாறு கற்பிக்க வேண்டும் என்பதும் அதே உரையில் உள்ளது. மேலிருப்பவன் கணக்குக் காட்டாமல் கீழிருப்பவனிடம் மட்டும் உழைப்பைக் கேட்பது அடிமைமுறை. இருவரும் ஒருவருக்கொருவர் விடை சொல்லக் கடமைப்பட்டிருப்பதே அறம்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். வெள்ளி விழாவில் பாராட்டுரை மட்டும் கூறிச் செல்வது எளிது. இச்சங்கத்தின் மாலைப் பள்ளியில் படித்தவர்கள் இன்று செவிலியராகவும் ஆசிரியராகவும் காவலராகவும் இருக்கின்றனர். அதில் எனக்கும் பெருமை உண்டு. ஆயினும் மனத்தில் உள்ளதை மறைத்தல் நட்பாகாது. நம் விடுதியில் சமைக்கும் தாயாருக்கு ஊதியம் மாதம் பிறந்து இரண்டு வாரம் கழித்தே கிடைக்கிறது. அவரும் நம்மவரே என்பதால் கேட்கமாட்டார் என்று இருந்துவிட்டோம். நிர்வாகக் குழுவில் ஒருவனாகிய நானும் அதற்குப் பொறுப்பாளி. மாலைப் பள்ளி ஆறு மணிக்கு என்று பலகையில் எழுதியிருக்கிறது. ஆசிரியர் ஆறரைக்கு வருவதும் உண்டு. பிள்ளைகள் பாயை விரித்து வைத்துக் காத்திருக்கின்றனர்.

ஆகவே மூன்று வேண்டுகோள்களை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, சமையல் செய்பவருக்கும் காவல் காப்பவருக்கும் மாதத்தின் முதல் நாளிலேயே ஊதியம் கொடுத்துவிட வேண்டும். மற்ற செலவுகளெல்லாம் அதற்குப் பின்னர்தான்.

இரண்டாவது, ஆண்டுக்கு ஒருநாள் சங்கத்தின் வரவு செலவை ஊர் நடுவில் உரத்துப் படிக்க வேண்டும். தணிக்கையாளர் பார்த்தார் என்பது போதாது. ஐந்து ரூபாய் கொடுத்த பாட்டி பார்க்க வேண்டும். தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் எழுந்து நின்று, எம்மிடம் குறை கண்டவர் கூறுக என்று கேட்க வேண்டும். கூறியவர்மீது பின்னர்ப் பகை பாராட்டக் கூடாது.

மூன்றாவது, மாலைப் பள்ளியின் வருகைப் பதிவேட்டில் ஆசிரியர் வந்த நேரத்தை ஆசிரியரே உண்மையாக எழுத வேண்டும். தாமதம் ஆனால் தாமதம் என்றே எழுதட்டும். அதற்குத் தண்டனை வேண்டாம். அதைப் பிள்ளைகள் படிக்கும்படி மேசைமேல் திறந்து வைத்தால் போதும்.

இவை சிறிய செயல்கள். ஆனால் நம் பிள்ளைகளுக்கு மற்றவர்களைப்போல் இன்னொரு வாய்ப்பு எளிதில் வருவதில்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை இழந்த அரைநாளைத் தனிப்பயிற்சியில் ஈடுசெய்வான். மலையடிவாரத்துப் பிள்ளை இழந்த அரைநாளை எவர் ஈடுசெய்வார்? என்னிடம் படித்த அந்தத் தாயின் மகன் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டான். அவன் நின்றதற்கு வறுமை உட்படப் பல காரணங்கள் உண்டு. ஆயினும் அக்காரணங்களுள் என் அரைநாள்களும் சேர்ந்திருக்குமோ என்னும் எண்ணம் என்னை விட்டு நீங்கியதில்லை.

மூல வைகையில் நீர் வரும் ஆண்டும் உண்டு. வராத ஆண்டும் உண்டு. அது நம் கையில் இல்லை. காலை மணி அடிக்கும்போது வகுப்பறையில் நிற்பது நம் கையில் இருக்கிறது. அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் ஏதேனும் ஒரு தாய் நம் ஆசிரியர் ஒருவரை வழியில் நிறுத்தி, “ஒங்களுக்கு எப்பிடி?” என்று கேட்டால், “எங்களுக்கும் அப்படித்தான் அம்மா” என்று அவர் தலைநிமிர்ந்து விடை கூற வேண்டும். நாம் எந்தத் தெய்வத்தை வணங்கினாலும், எந்த மார்க்கத்தில் நடந்தாலும், அந்த விடையே நம் வழிபாட்டுக்குச் சான்றாகும்.

வாழ்க கல்விச் சங்கம்! வளர்க அதன் தொண்டு!