உப்பளக் கரையில் ஒரு சைக்கிள் நாள்

தை மாதம் விடுமுறை நாளில் சைக்கிளில் மரக்காணம் போய்வாருங்கள். புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 35 கிலோமீட்டர், மேடு பள்ளமில்லாத சமவெளி. வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வருவதால், போகும்போது மிதிக்கத்தான் வேண்டும். திரும்பும்போது காற்றே முதுகில் கைவைத்துத் தள்ளும்.

வழியெல்லாம் சவுக்குத் தோப்பு, மல்லாட்டைக் கொல்லை. மேற்கே, 2021-இல் பறவைகள் சரணாலயமான கழுவேலி ஏரி. வலசைப் பறவைகள் வந்திருக்கும் காலம் இது.

அடுத்து உப்பளம். மழையில் கரைந்த வரப்பைக் கட்டி, தொழிலாளர்கள் பாத்தித் தரையை மிதித்துக் கெட்டியாக்குகிறார்கள். பிறகுதான் உப்புநீர் பாத்தி மாறி மாறி வெயிலில் சுண்டி, உப்பாகப் பூக்கும். காரில் பறப்பவர் கண்ணில் இந்த உழைப்பு படாது. சைக்கிளை நிறுத்தி, அவர்களோடு நாலு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள்.