அக்கரை முகாமும் அயற்காணி எல்லையும்



நெடுந்தீவுக்கும் குறிகட்டுவானுக்கும் இடைப்பட்ட கடலை நாம் நன்கறிவோம். 1985 மே 15ஆம் நாள் குமுதினிப் படகில் நம்மவர் வெட்டிக் கொல்லப்பட்டது அக்கடலிலேதான். 1990இல் படையினர் தீவகத்துட் புகுந்தபொழுது ஊர்காவற்றுறையும் வேலணையும் வெறுமையாயின. வள்ளம் கிடைத்தோர் இராமேசுவரம் சேர்ந்தனர். வேறு பலர் தொலைதேசம் நாடினர்.

1986 ஆகஸ்டில், நியூபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த தமிழர் 155 பேரை மீனவர் கரைசேர்த்தனர். 2010இல் தாய்லாந்திலிருந்து 'சன் சீ' கப்பலிற் சென்ற 492 பேரையோ கனடா தடுப்புக்காவலில் வைத்தது. பலர் அங்கே மாதக்கணக்கில் வாடினர். 1979-80இல் வியட்நாமியர் முதலிய 60,000 பேரை ஏற்ற அதே நாடுதான்! ஆயினும், அங்கு அகதியாய் ஏற்கப்பட்டவர் குடிமகனாக வழியுண்டு.

மண்டபத்தில் அவ்வழியும் இல்லை. 1987 யூலைக்குப் பின் அங்கே அகதிப் பெற்றோருக்குப் பிறந்த பிள்ளை, பிறப்பால் இந்தியக் குடியுரிமை பெறாது. 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டமும் இலங்கையரை விலக்கிற்று. 2021இல் தமிழ்நாட்டரசு 'மறுவாழ்வு முகாம்' எனப் பெயர் மாற்றிற்று. பெயர் நன்று, உரிமை எங்கே?

சட்டத்தரணிகளே! திரும்ப விழைவோரின் பிள்ளைகளுக்கு இலங்கைப் பிறப்புப் பதிவும் குடியுரிமைப் பத்திரமும் பெற்றுக் கொடுக்கும் பணியை ஊதியமின்றி ஏற்றுக்கொள்ளுங்கள். கமக்காரர்களே! பற்றைக்காடாய்க் கிடக்கும் அயற்காணியின் வேலி எங்கே நின்றது, கிணற்றிற் பங்கு யாருக்கு என்பதை அறிந்த முதியோர் குறைந்து வருகின்றனர். அவர்களை அழைத்துச் சென்று எல்லையைக் காட்டச் செய்து, இவ்வாரமே எழுதிவையுங்கள்.