மற்போர் அரங்கு கற்பிக்கும் பாடம்

(வெள்ளி விழாவில் காஞ்சிபுரத்தில் ஆற்றிய சொற்பொழிவு)

 

கல்விச் சங்கத்தின் விழாவில் மற்போரைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் எண்ணக்கூடும். காஞ்சி மக்களுக்கு அது புதிய பொருளன்று. ஏழாம் நூற்றாண்டில் இந்நகரைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட முதலாம் நரசிம்மவர்மப் பல்லவன் மாமல்லன் என்னும் பட்டம் பூண்டவன். பெரும் மற்போர் வீரன் என்பதே அதன் பொருள். மாமல்லபுரம் இன்றும் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. அதற்கும் முன்னர், சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனைப் பொருது வென்றதைச் சாத்தந்தையார் பாடிய செய்தி புறநானூற்றில் உள்ளது. அரசன் மல்லனானால் பட்டமும் பாட்டும் கிடைக்கும். ஏழை மகன் மல்லனானால் என்ன கிடைக்கும்? இக்கேள்விக்கு விடை காணவே மூன்று செய்திகளை உங்கள்முன் வைக்கிறோம்.

முதற்செய்தி, 1967ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் புதுதில்லியில் நடந்த உலக மற்போர்ப் போட்டி. பிரீஸ்டைல் முறையில் எட்டு எடைப் பிரிவுகள் இருந்தன. 52 கிலோ பிரிவில் ஜப்பானியர் நகாதா தங்கம் வென்றார். 70 கிலோவில் ஈரானின் மொவாகெத், 78இல் பிரான்சின் தானியேல் ரொபேன், 97இல் துருக்கியின் அகமத் அயிக், அதற்கும் மேற்பட்ட எடையில் சோவியத் நாட்டின் மெத்வேத் ஆகியோர் வென்றனர். 57 கிலோவில் சோவியத் வீரர் அலி அலியேவ் தங்கம் பெற, நம் நாட்டின் விசம்பர் சிங் வெள்ளிப் பதக்கம் பெற்றார். அதற்கு ஆறாண்டு முன்னர், 1961இல், யோகோகாமாவில் உதய் சந்த் வெண்கலம் வென்றிருந்தார். உலகப் போட்டியில் இந்தியர் பெற்ற முதற்பதக்கம் அதுவே.

தோழர்களே, இங்கு ஒன்றைக் கருதிப் பாருங்கள். மெத்வேதையும் நகாதாவையும் ஒரே அரங்கில் இறக்கிவிட்டு, ‘இது பொதுப் போட்டி, வல்லவன் வெல்லட்டும்’ என்று எவரேனும் சொன்னார்களா? இல்லை. முதலில் தராசில் நிறுத்தி எடை பார்த்தார்கள், பின்னரே மோதவிட்டார்கள். நகாதாவின் தங்கம் மெத்வேதின் தங்கத்தைவிட மாற்றுக் குறைந்தது என்று உலகில் ஒருவரும் சொல்லவில்லை. ஆனால் நம் பிள்ளைகள் இடஒதுக்கீட்டில் கல்லூரிக்குள் நுழைந்தால் மட்டும், ‘தகுதி என்னாயிற்று?’ என்று கேட்கிறார்கள். நிறுத்துப் பார்த்துப் போட்டி வைப்பது சலுகையன்று; நீதியின் முதற்படி.

ஒரு வேறுபாட்டையும் மறைக்காமல் சொல்லவேண்டும். மல்லனின் எடை அவனுடைய உடலின் எடை. நம்மை அழுத்தும் எடையோ நம்முடையதன்று. பிறர் நம் முதுகில் ஏற்றிவைத்த சுமை. ஏற்றியதை இறக்க முடியும். இறக்கும் வரை கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள் என்பதே நம் வழக்கு.

இரண்டாவது செய்தி, காசாபா தாதாசாகேப் ஜாதவ் அவர்களைப் பற்றியது. மகாராட்டிரத்தின் கராடு நகருக்கு அருகிலுள்ள கோளேசுவர் என்னும் சிற்றூரில் 1926இல் பிறந்தவர். மண் களத்தில் பழகியவர். 1948இல் இலண்டன் ஒலிம்பிக்கில்தான் விரிப்பின்மீது பொருதும் முறையோடு மோத நேர்ந்தது. ஆறாம் இடம் பெற்றார். 1952இல் எல்சிங்கிக்குச் செல்லப் பணமில்லை. ஊரார் கைப்பொருள் திரட்டினர். அவர் பயின்ற கோலாப்பூர் இராசாராம் கல்லூரியின் முதல்வராயிருந்த கர்தேகர் தம் வீட்டையே அடகு வைத்து 7000 ரூபாய் தந்தார் என்பர். அங்கே அவர் வென்ற வெண்கலமே, விடுதலை பெற்ற இந்தியாவில் தனியொருவர் பெற்ற முதல் ஒலிம்பிக் பதக்கம். அடுத்த தனியாள் பதக்கம் 1996இல்தான் வந்தது. இடையே 44 ஆண்டுகள்!

அப்போட்டியில் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் ஒன்று நம் சிந்தனைக்குரியது. ஜப்பானின் இசீயுடன் நெடுநேரம் பொருது களைத்த ஜாதவை, உடனே சோவியத் வீரருடன் மோத அழைத்தனர். இரு போட்டிகளுக்கிடையே அரைமணி ஓய்வு விதிப்படி உரியது. அதை எடுத்துக்கூறி வாதிட இந்திய அதிகாரி ஒருவரும் அங்கில்லை. ஜாதவ் ஓய்வின்றி இறங்கித் தோற்றார். விதி இருந்தது, விதியைச் சொல்ல வாய்தான் இல்லை. நம் சமுதாயம் நூற்றாண்டுகளாக இழந்தவற்றுள் பாதி இவ்வாறு இழந்தவையல்லவா? உரிமை ஏட்டில் இருக்கும். அதைப் படித்து எடுத்துரைக்க ஆளில்லாமல் கைநழுவிப் போகும். அண்ணல் அம்பேத்கர் 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவியதும், நம் பெரியோர் இச்சங்கத்தைத் தொடங்கியதும் அந்த வாயைத் தருவதற்கே.

மூன்றாவது செய்தி நம் பெண்மக்களுக்குரியது. 2016இல் இரியோ ஒலிம்பிக்கில் 58 கிலோ பிரிவில் சாக்சி மாலிக் வெண்கலம் வென்றார். இவர் பேருந்து நடத்துநரின் மகள். கால் இறுதியில் தோற்றவர் அவர். ஆயின் அவரை வென்றவர் இறுதிப் போட்டியை எட்டியதால், விதிப்படி மறுவாய்ப்புக் கிடைத்தது. பதக்கத்துக்கான போட்டியிலும் 0–5 என்று பின்தங்கி, முடிவில் 8–5 என வென்றார். 2021இல் ஓசுலோ உலகப் போட்டியில் அன்சு மாலிக் வெள்ளி பெற்றார். இவ்வளவு வென்ற பின்னும், 2023இல் தங்கள் மானத்துக்கும் பாதுகாப்புக்கும் நீதி கேட்டு வீராங்கனைகள் தில்லித் தெருவில் அமர வேண்டியிருந்தது என்பதையும் மறவாதீர்கள்.

பட்டுக்குப் பெயர்பெற்ற ஊர் நம்முடையது. கோர்வைப் புடவை நெய்யும் தறியில், நெசவாளருக்குத் துணையாக மறுபுறம் அமர்ந்து கரைக்கான நாடாவை வீச ஓர் ஆள் வேண்டும். நெடுங்காலம் அந்த ஆள் பள்ளி வயதுப் பிள்ளையாகவே இருந்தான். புடவை மணமேடை ஏறிற்று. பிள்ளை பள்ளிப்படி ஏறவில்லை. பழங்காலத்தில் கடிகை என்னும் பெருங்கல்விக்கூடம் விளங்கிய நகரும் இதுவே. அதன் வாயில் நம் முன்னோருக்குத் திறந்திருக்கவில்லை.

எனவே உறுப்பினர்களை நாம் வேண்டுவது மூன்று. உதவித்தொகை விண்ணப்பத்தையும் அரசாணையையும் படித்துச் சொல்ல ஒவ்வொரு தெருவிலும் ஒருவர் முன்வர வேண்டும். தேர்வில் தவறிய பிள்ளையைத் தறிக்கும் கூலிக்கும் அனுப்பிவிடாமல் மறுதேர்வுக்கு அமர்த்த வேண்டும். படிப்பிலோ விளையாட்டிலோ வெளியூர் செல்லும் பிள்ளைக்கு, குறிப்பாகப் பெண்ணுக்கு, வழிச்செலவைச் சங்கம் ஏற்க வேண்டும்.

இளந்தோழர்களே! மற்போரில் இரு தோள்களும் விரிப்பில் படிந்தால்தான் வீழ்ச்சி. ஒரு தோள் உயர்ந்திருக்கும் வரை போட்டி முடியவில்லை. உங்கள் மற்றொரு தோளைத் தாங்கிப் பிடிக்க இச்சங்கம் இருக்கிறது. எழுந்து பொருதுங்கள்!