பிறர் நாட்டுப் போருக்குச் சென்றவர்கள்



1936-இல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டது. தேர்ந்தெடுக்கப்பட்ட குடியரசு அரசைத் தளபதி பிராங்கோவின் படை எதிர்த்தது. அரசைக் காக்க 50-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஏறத்தாழ 35,000 பேர் தாமாகச் சென்றனர். அவர்களைப் பன்னாட்டுப் படையணிகள் என்கிறோம். பிராங்கோ பக்கமும் அயல்நாட்டுத் தன்னார்வலர் இருந்தனர்.

கனடா மருத்துவர் நார்மன் பெத்யூன் துப்பாக்கி ஏந்தவில்லை. போர்முனைக்கு அருகே இரத்தம் கொண்டுசென்று காயம்பட்டோருக்கு ஏற்றினார். எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் வேறொரு போராளிப் படையில் சேர்ந்து, 1937-இல் கழுத்தில் குண்டடி பட்டார்; தம் தரப்புக்குள் நடந்த அடக்குமுறையையும் மறைக்காமல் எழுதினார். 1939-இல் குடியரசு தோற்றது.

இதை வெறும் வீரக்கதையாகச் சொல்லி முடித்துவிட வேண்டாம். "நல்ல நோக்கம் இருந்தால் போருக்குப் போகலாமா, ஐயா?" என்று பத்தாம் வகுப்புப் பிள்ளை கேட்பான். உடனே விடை சொல்லாமல், மூன்று கேள்விகளைக் கரும்பலகையில் எழுதுங்கள். அழைத்தவர் யார்? போனது கூலிக்கா, கொள்கைக்கா? நினைத்தபோது திரும்ப முடிந்ததா?

ஸ்பெயினில் படையை விட்டு விலக முயன்ற தன்னார்வலர்கள் தண்டிக்கப்பட்டதும் உண்டு. தாமாகப் போனவர்கள் எல்லோராலும் தாமாகத் திரும்ப முடியவில்லை. அநீதி கண்டு துடிக்கும் மனம் நம் பிள்ளைகளுக்கு வேண்டும். அழைப்பவரை விசாரிக்கும் அறிவும் உடன் வேண்டும்.